விழுந்தவன் எழுதிய பதில்

தபால்காரர் தேவராஜ் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிற ஆள் அல்ல. நெல்லிவாசல்நாட்டு மலையூர்களில் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு என்பதால், ஜீப் வந்து நிற்கும் டீக்கடை வாசலில் உட்கார்ந்து, உறையைக் கிழித்து, உரக்கப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போவார். யாருக்குப் பெண் பிறந்தது, யாருடைய மகன் பெங்களூரில் வேலையை விட்டான் என்பதெல்லாம் ஊருக்கே ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். அதை யாரும் தவறாக நினைத்ததில்லை. கோவிந்தனும் நினைத்ததில்லை, அந்த ஆவணி மாதத்துப் பகல் வரைக்கும்.

"கோவிந்தா, உனுக்கு ரிஜிஸ்தர் தபால் வந்துகீது. கையெழுத்துப் போடு."

போட்டான். தன் பெயரை மட்டும் எழுத அவனுக்குத் தெரியும். திருப்பத்தூர் கடுக்காய் மண்டியில் மேஸ்திரியாக இருந்தபோது கற்றுக்கொண்டது.

தேவராஜ் உறையைக் கிழித்தார். உள்ளே இருந்த தாள் தடிமனாக இருந்தது. விரிக்கும்போது மடமடவென்று சத்தம் வந்தது. தேவராஜ் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இங்கிலீசு," என்றார்.

கடையில் இருந்தவர்கள் டீ கிளாஸைக் கீழே வைத்தார்கள். இங்கிலீசில் ஒருவனுக்குக் கடிதம் வருவது அந்த ஊரில் நடந்திராத காரியம். தேவராஜ் எட்டாவது வரை படித்தவர். விட்டுவிட மனமில்லாமல், வரி வரியாக விரலை ஓட்டித் தெரிந்த சொற்களைப் பொறுக்கினார்.

"பாண்டுரங்கன்... உங்க மொதலாளி பேரு. மேலயே வக்கீலுன்னு போட்டுகீது. இதோ, ஃபாரஸ்ட். ரிசர்வ் ஃபாரஸ்ட். இது கிரிமினல். இங்க ஒரு கிரிமினல்."

"எத்தினி கிரிமினல்ணே கீது?" என்றான் டீக்கடைக்காரன்.

"மூணு தேறும்."

இரண்டு பேர் சிரித்தார்கள். கோவிந்தனின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

"பதினஞ்சு நாளுன்னு கீது," என்றார் தேவராஜ்.

"பதினஞ்சு நாளு இன்னாது? ஜெயிலா?"

தேவராஜ் நெடுநேரம் தாளையே பார்த்தார். "பதினஞ்சு நாளு ஜெயிலா, பதினஞ்சு நாளுக்குள்ள ஜெயிலான்னு வெளங்கலப்பா," என்று சொல்லி, தாளை மடித்துக் கோவிந்தனின் கையில் வைத்தார். மற்றக் கடிதங்களை அன்றைக்கு அவர் உரக்கப் படிக்கவில்லை.

கோவிந்தன் தாளை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு கொல்லைக்குப் போனான். சாமை கதிர் விட்டிருந்தது. பரணில் ஏறி உட்கார்ந்தான். கிளிகள் கூட்டமாக வந்து இறங்கின. அவன் விரட்டவில்லை.

எதற்கு வந்தது என்பது அவனுக்குத் தெரியும். ராஜாக்கண்ணுவுக்காக வந்தது.

தோல் பதனிடுகிறவர்களுக்குக் கடுக்காய் வேண்டும். அதைக் காட்டில் உலுக்கி, பொறுக்கி, மூட்டை கட்டி லாரியில் ஏற்றிவிட மலையில் ஒரு ஆள் வேண்டும். பாண்டுரங்கன் முதலாளிக்கு ஒன்பது வருஷம் அந்த ஆளாக இருந்தவன் கோவிந்தன். போன மாசியில், கடைசி லோடு ஏற்றுகிற நாளில், லாரி நிற்கிறது, சீக்கிரம் முடி என்று முதலாளி டிரைவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். பக்கத்து வீட்டு ராஜாக்கண்ணு மரத்தின்மேல் இருந்தான். "அந்த மேல்கிளையயும் ஒரு உலுக்கு உலுக்கிடுடா," என்று கோவிந்தன் கீழே நின்று சொன்னான். ராஜாக்கண்ணு ஏறினான். கிளை முறிகிற சத்தம் முதலில் கேட்டது. அவன் கத்தவே இல்லை. இடுப்புக்குக் கீழே இப்போது அவனுக்கு உணர்வு கிடையாது.

ஆஸ்பத்திரியில் முதலாளி கோவிந்தனைத் தனியாக அழைத்தார். "அவன் நம்ம ஆளு இல்ல. தேனெடுக்கப் போனவன் வுழுந்துட்டான். யார் கேட்டாலும் அதான்," என்றார். கோவிந்தன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் சுபாவமே அப்படி. முதலாளி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கோவிந்தன் மண்டிக்கு வேலைக்குப் போகவில்லை. ராஜாக்கண்ணுவின் மனைவி அம்மாக்கண்ணு நஷ்டஈடு கேட்டுக் கொடுத்த மனுவின்மேல் தொழிலாளர் ஆபீஸ்காரர் ஒருவர் விசாரிக்க வந்தபோது, "மண்டி ஆளுதாங்க," என்று இரண்டே சொல்லில் சொல்லிவிட்டான். அந்த இரண்டு சொல்தான் இப்போது தடித்த தாளாக மாறி, அவன் இடுப்பில் உறுத்திக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தவன் சாப்பிடவில்லை. மனைவி செந்தாமரை களியை உருட்டி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெத சாமை மேல் பானையில கீது," என்றான் கோவிந்தன். "கறுப்பாட்டுக் குட்டி மாரியம்மனுக்கு வேண்டிகினது. அதை வித்துடாத. கொல்லைக்கு மேக்கால எல்லைக் கல்லு..."

"இன்னாய்யா, செத்துப் போறவன் மாதிரி எல்லாத்தயும் ஒப்படைக்கிற?"

"ஜெயிலுக்கு எப்ப வருவாங்கன்னு தெரியாதில்ல."

"வர்றவங்க வர்ட்டும். அவங்களுக்கும் சேத்து நான் களி கிண்ட முடியாது. நீ துன்னு."

அவள் குரலும் நடுங்கியது. அவன் கவனித்தான். கீழே மலைப்பாதையில் ஜீப் கியர் மாற்றும் சத்தம் கேட்டது. கோவிந்தன் எழுந்து கதவுக்குப் பின்னால் போய் நின்றான். ஜீப் அடுத்த ஊருக்குப் போய்விட்டது என்று தெரிந்த பிறகும் அவன் வெளியே வரவில்லை.

மறுநாள் ஊர்க்கவுண்டர் கோபால்சாமி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். ஊர் வழக்குகளைத் தீர்க்கிறவர் அவர்தான். தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, படிக்காமலே தீர்ப்புச் சொன்னார்.

"உன் மேல ஒருத்தரு வழக்கு சொல்லி வுட்டுகீறாரு. நீ இன்னும் போய் வுழலயே?"

"இல்லீங்க."

"அப்புறம் எப்டி பேச்சு ஆரம்பிக்கும்? பள்ளிக்கூடத்து டீச்சரம்மா ஊருக்குப் போய்கீது, வந்து படிக்கட்டும். அதுக்குள்ள நீ போய் வுழு."

அந்த ஊரில் அதுதான் முறை. ஒருவன்மேல் ஒருவன் வழக்குச் சொன்னால், சொல்லப்பட்டவன் முதலில் போய், சொன்னவன் எதிரே குப்புற விழவேண்டும். குற்றம் செய்தானா இல்லையா என்பதற்கும் விழுவதற்கும் சம்பந்தமில்லை. பேச வந்திருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். சொன்னவன் குனிந்து தோளைத் தொட்டுத் தூக்கிவிட வேண்டும். கேட்கத் தயார் என்று அதற்கு அர்த்தம். அதன் பிறகு இருவரும் ஒரே துணியில் சமமாக உட்கார்ந்து பேசுவார்கள். விழாதவன் பேச்சு சபையில் ஏறாது. விழுந்தவன் தானாக எழுந்துவிட்டால், எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று வழக்கை விட்டுக்கொடுத்தது போல.

கோவிந்தனுக்கு மனம் கொஞ்சம் லேசானது. பயத்துக்கு ஒரு காரியம் கிடைத்துவிட்டால் அது சற்று அடங்கும். முதலாளியை அவனுக்குத் தெரியும். அம்மன் திருவிழாவுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தவர். அவன் மகள் காய்ச்சலில் கிடந்தபோது ஜீப் அனுப்பியவர். தோளைத் தொட்டுத் தூக்கிவிட்டால், உட்கார்ந்து பேசினால், எல்லாம் சொல்லலாம். மலைக்குக் கீழே கீழ்நாட்டில் இந்த முறை இருக்குமா என்று அவனும் யோசிக்கவில்லை, கவுண்டரும் யோசிக்கவில்லை. கவுண்டருக்குக் கீழ்நாட்டாரோடு ஒரு வழக்கும் வந்ததில்லை.

திருப்பத்தூரில் மண்டி எப்போதும் போல இருந்தது. கடுக்காய்த் தூசி வாசலிலேயே நாக்கை இழுத்தது. முதலாளி கல்லாவுக்குப் பின்னால் மெத்தையில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். கோவிந்தன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தராசுக்கும் கல்லாவுக்கும் நடுவில் சிமென்ட் தரையில் குப்புற விழுந்தான்.

போன் பேச்சு ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

"ஏய், யார்டா அது?" என்று முதலாளி பேச்சுக்கு நடுவே கேட்டார்.

"நம்ம மலை மேஸ்திரிங்க. கோவிந்தன்."

"எழுந்திருக்கச் சொல்லு."

"ஏம்பா, எழுந்திரு. மொதலாளி சொல்றாரு பாரு."

சொன்னால் போதாது, தொட்டுத் தூக்க வேண்டும். கோவிந்தன் கிடந்தான். மூக்குக்கு நேரே ஒரு உடைந்த கடுக்காய். தரை குளிர்ந்திருந்தது, ஆனால் நெஞ்சுக்குக் கீழே சட்டை வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது. காலடிகள் வந்தன, அவனைச் சுற்றிக்கொண்டு போயின. யாரோ அவன் காலைத் தாண்டிப் போனார்கள். சாக்கு இழுபடும் சத்தம், தராசுச் சங்கிலியின் சத்தம். முதலாளி மறுபடியும் போனில் நம்பர் சுற்றினார். இந்தத் தடவை குரலைத் தாழ்த்திப் பேசினார். "ஆமா, வந்து கால்ல வுழுந்து கெடக்குறான். சீக்கிரம் அனுப்புங்க."

யாரை அனுப்பச் சொல்கிறார்? கோவிந்தனுக்குக் காது மட்டும்தான் இருந்தது. தலையைத் திருப்பிப் பார்ப்பதும் முறையில்லை. அவன் காத்திருந்தான். வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. தடதடவென்று நேராக அவனை நோக்கி வந்தது. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டுவார்களா, இல்லை முன்னால் கட்டுவார்களா என்று நினைத்தான். பூட்ஸ் அவன் தலைக்குப் பக்கத்தில் நின்றது. "லாரியை எங்க போடறது மொதலாளி?" என்று கேட்டது ஒரு குரல்.

டிரைவர். கோவிந்தன் கண்ணை மூடிக்கொண்டான். சிறுநீர் கொஞ்சம் கசிந்துவிட்டது. வேட்டி மறைத்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வக்கீலின் குமாஸ்தா வந்தார். பக்கத்துக் கடைகளிலிருந்து இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். "நல்லா பாத்துக்கங்க," என்றார் குமாஸ்தா. "தானா வந்து விழுந்து மன்னிப்புக் கேக்கறான். யாரும் கட்டாயப்படுத்தல."

அப்போதுதான் முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். அவருடைய செருப்பு கோவிந்தனின் முகத்தருகே நின்றது. இப்போது குனிவார் என்று அவன் தோளைச் சற்றுத் தளர்த்திக்கொண்டான்.

"ஒம்பது வருஷம் சோறு போட்டவன் நானு," என்றார் முதலாளி. குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "என்னைப் போய்க் கூண்டுல ஏத்தப் பாத்தியேடா. சரி, போவட்டும். நான் கேஸ் போடல. அவன் மண்டி ஆளு இல்ல, நீ ஆபீஸ்காரர்கிட்ட சொன்னது பொய்யின்னு ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போ. காப்பி சொல்லட்டுமா?"

குமாஸ்தா குந்தி உட்கார்ந்து, ஒரு தாளையும் பேனாவையும் தரையோடு நகர்த்தி, கோவிந்தனின் கைக்கு அருகில் வைத்தார்.

கோவிந்தனுக்குக் கையெழுத்துப் போடவேண்டும் போல இருந்தது. போட்டால் பூட்ஸ் சத்தம் இனி வராது. கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டாம். பேனாவைத் தொட்டான். ஆனால் பேச்சு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. ஆரம்பிக்காத பேச்சுக்கு முடிவு எப்படிப் போடுவது?

"மொதலாளி... தூக்குங்க," என்றான் தரையைப் பார்த்தபடி.

"இன்னா சொல்றான்?"

"தூக்கணுமாம்."

எல்லாரும் சிரித்தார்கள். "மாலை வாங்கிப் போட்டுத் தூக்கலாமா?" என்றான் ஒருவன்.

அந்த நேரத்தில் லாரி பின்பக்கமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. மூட்டை சுமக்கிற கண்ணாயிரம், கோவிந்தனோடு பல வருஷம் வேலை செய்தவன், ஓடிவந்தான். "டேய், வண்டி வருதுடா, நசுங்கிச் சாவப் போற," என்று அக்குளில் கை கொடுத்து அவனை அலாக்காகத் தூக்கி நிறுத்தினான்.

கோவிந்தன் நின்றான். முகத்தில் தூசி ஒட்டியிருந்தது. தூக்கிவிட்டார்கள். ஆனால் தூக்கவேண்டியவர் தூக்கவில்லை. இப்போது என்ன செய்வது என்பதற்கு அவனுக்குத் தெரிந்த முறை எதுவும் இல்லை. அவன் முதலாளியின் முகத்தைப் பார்த்தான். அவர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க தூக்கலியே," என்று மெல்லச் சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தான்.

"போறியா? போ!" முதலாளியின் குரல் பின்னால் வந்தது. "நீ கால்ல வுழுந்ததை நாலு பேரு பாத்துக்கீறாங்க. ஞாபகம் வெச்சுக்க."

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே போய்த்தான் முகத்தில் ஒட்டிய தூசியைத் துண்டால் துடைத்தான். பிறகு ஜீப் வரும்வரை உட்கார்ந்திருந்தான்.

ஊரில் ஜீப்பை விட்டு இறங்கியபோது அம்மாக்கண்ணு தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தாள். விபத்துக்குப் பிறகு அவள் அவனிடம் அதிகம் பேசியதில்லை. குறை சொன்னதும் இல்லை.

"வுழுந்தியாண்ணே?" என்று கேட்டாள்.

"வுழுந்தேன்."

"தூக்கினாரா?"

"இல்ல. மூட்டைக்காரன் கண்ணாயிரம் தூக்கினான்."

அவள் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டாள். கீழ்நாட்டில் நாலு பேர் பார்த்து வேறு அர்த்தம் சொன்ன காரியத்துக்கு, அவளிடம் ஒரே அர்த்தம்தான். அவளிடம் விளக்க வேண்டியிருக்கவில்லை. அது ஒன்றுதான் அன்று முழுதும் அவனுக்குக் கிடைத்த ஆறுதல்.

"அவருக்குப் பேச இஷ்டமில்ல," என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

நீலாவதி டீச்சர் ஊரிலிருந்து திரும்பி வந்ததும் கோவிந்தன் பள்ளிக்கூடத்துக்குப் போனான். அரசாங்க உண்டு உறைவிடப் பள்ளி அது. டீச்சர் திருப்பத்தூர்க்காரி. கதவைச் சாத்திவிட்டு நோட்டீஸைப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

"இது போலீஸ் இல்லைங்க, பயப்படாதீங்க. வக்கீல் எழுதின கடுதாசி. ராஜாக்கண்ணு மண்டி ஆளே இல்லையாம். வேலையை விட்டு நிறுத்தின கோபத்துல நீங்க பொய் சொல்றீங்களாம். பதினஞ்சு நாளுக்குள்ள எழுத்துல வாபஸ் வாங்கி மன்னிப்புக் கேக்கணுமாம். இல்லைன்னா கேஸ்."

"ஃபாரஸ்ட்டுன்னு தேவராஜ் சொன்னாரே?"

டீச்சர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்கதான் அவருக்குத் தெரியாம ஆளுங்களை ரிசர்வ் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போய்த் திருடினீங்களாம். ராஜாக்கண்ணு மரம் ஏறினதுக்கு நீங்கதான் பொறுப்பாம்."

கோவிந்தன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். முழுக்கப் பொய்யாக இருந்திருந்தால் அவன் இவ்வளவு பயந்திருக்க மாட்டான். அத்தனை பொய்யின் நடுவிலும் ஒரு உண்மை உட்கார்ந்திருந்தது. ஏறச் சொன்னவன் அவன்தான். வக்கீலுக்கு அது எப்படித் தெரிந்தது? தெரியாமலேதான் எழுதியிருப்பார். ஆனாலும், மரத்தடியில் நின்ற தன்னை யாரோ பார்த்துவிட்டது போல அவனுக்கு உடம்பு கூசியது.

"பதில் எழுதணுங்க," என்றார் டீச்சர். "எழுதாம விட்டா ஒத்துக்கிட்டதா ஆயிடும். நான் எழுதித் தர்றேன். ஆனா..." எழுந்து போய்ச் சாத்திய கதவை மறுபடியும் தள்ளிப் பார்த்தார். "நான் எழுதினேன்னு வெளிய போகக் கூடாது. எங்க வீட்டுக்காரர் அந்த மண்டிக்கு எதிர்லதான் கடை வெச்சிருக்கார். என் கையெழுத்து அந்தத் தெருவுக்கே தெரியும்."

ஒவ்வொரு எழுத்தையும் பிள்ளைகள் எழுதுவது போலத் தனித்தனியாக, பெரிதாக எழுதினார். கோவிந்தன் சொல்லச் சொல்ல எழுதினார். சொல்வதற்கு அவன் வெகுநேரம் எடுத்துக்கொண்டான். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் டீச்சர் இரண்டு தடவை பேனாவை மூடித் திறந்தார்.

ராஜாக்கண்ணு பாண்டுரங்கன் அவர்களுடைய மண்டிக்காகத்தான் கடுக்காய் உலுக்கினான். லாரி காத்திருக்கிறது என்று சொல்லி அனுப்பியவர் முதலாளி. மேல்கிளைக்கு ஏறச் சொன்னவன் நான். நான் திருடவில்லை. நான் அதிகாரியிடம் சொன்னதை மாற்றிச் சொல்லமாட்டேன்.

"ஏறச் சொன்னது வேணுமாங்க?" என்றார் டீச்சர். "அது உங்களையே மாட்டி விட்டுடும்."

"அது இல்லன்னா மத்ததும் இல்லம்மா."

டீச்சர் எழுதினார். பிறகு அவன், மண்டியில் விழுந்ததையும் எழுதச் சொன்னான். பேனா நின்றுவிட்டது.

"எங்க விழுந்தீங்க?"

சொன்னான். டீச்சர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, ஏங்க... யாரைக் கேட்டு விழுந்தீங்க? இனிமே என்னத்தை எழுதறது? சாட்சி வேற நிறுத்திட்டாங்களா?" கொஞ்ச நேரம் யோசித்தார். "விழவே இல்லைன்னு எழுதிடலாம். மலையை விட்டே இறங்கலைன்னு எழுதிடலாம். சாட்சி எல்லாம் அவர் ஆளுங்கதானே, யார் நம்புவாங்க?"

"வுழுந்தேனேம்மா."

"தெரியுதுங்க. ஆனா சட்டத்துல அதுக்கு அர்த்தமே வேற. தப்பை ஒத்துக்கிட்டேன்னு ஆயிடும்."

மைதானத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். விழவில்லை என்று எழுதிவிட்டால் அது மலைக்கும் வந்துசேரும். விழுந்ததை இல்லை என்று சொன்னவனை, அதற்கப்புறம் எந்த வழக்கிலும் ஊரில் விழ விடமாட்டார்கள். எதற்கும் அவன் பேச்சு எடுபடாது. ஜெயிலுக்குப் போனவன் திரும்பி வரலாம். இதிலிருந்து திரும்பி வர வழியில்லை. இதையெல்லாம் டீச்சருக்குச் சொல்ல அவனுக்கு வார்த்தை வரவில்லை. "வுழுந்தேன், அவரு தூக்கல. அதயே எழுதும்மா," என்று மட்டும் சொன்னான்.

டீச்சர் அவனைப் பார்த்தார். பிறகு அப்படியே எழுதினார். கீழே தன் பெயரை எழுதும்போது கோவிந்தனின் கை இழுத்துக்கொண்டு போய், கடைசி எழுத்து தாளின் ஓரத்தை முட்டியது. ரிஜிஸ்தர் தபாலை வாங்கிக்கொண்ட தேவராஜ், உறையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

பதிலுக்குப் பதில் எதுவும் வரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சாமை அறுவடை ஆயிற்று. கோவிந்தன் ஒவ்வொரு ஜீப் சத்தத்துக்கும் அரிவாளைக் கீழே வைத்தான். ஐப்பசியில், வேலூர் தொழிலாளர் ஆபீஸுக்கு விசாரணைக்கு வரும்படி தமிழில் ஒரு கடிதம் வந்தது. தேவராஜ் அதைக் கடை வாசலில் படிக்காமல் வீட்டுக்கே கொண்டுவந்து, கதவருகில் நின்று தாழ்ந்த குரலில் படித்தார்.

செந்தாமரை கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றான். தன்னைப் பிடித்துக்கொண்டு போனால் ஆட்டைப் பார்க்க ஆள் வேண்டும். அம்மாக்கண்ணுவும் அவனும் பஸ்ஸில் போனார்கள்.

ஆபீஸ் ஒரு பழைய வீடு. கூடத்தில் மேஜை போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். மூலையில் ஒரு பெண் டைப் மெஷினுக்கு முன்னால் இருந்தார். பாண்டுரங்கன் முதலாளி வெள்ளை வேட்டியில், வக்கீலுக்குப் பக்கத்து நாற்காலியில். கோவிந்தனைப் பார்த்துத் தலையசைத்தார், எப்போதும் அசைப்பது போல. பழக்க தோஷத்தில் கோவிந்தன் கும்பிட்டுவிட்டான். கும்பிட்ட கையை என்ன செய்வதென்று தெரியாமல் துண்டைப் பிடித்துக்கொண்டான்.

வக்கீல் எழுந்தார். "இவரே மண்டிக்கு வந்து என் கட்சிக்காரர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டிருக்கிறார். சாட்சிகள் இருக்கிறார்கள். தன் கடிதத்திலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்."

"விழுந்தீங்களா?" என்று கேட்டார் அதிகாரி.

"வுழுந்தேங்க."

"ஏன்?"

கோவிந்தன் வாயைத் திறந்தான். ஊர், கவுண்டர், தோளைத் தொடுவது, ஒரே துணியில் உட்காருவது, எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தன. அந்தக் கூடத்தில், அந்த மேஜைக்கு முன்னால், அவற்றுக்கு இடமில்லை. "பேசறதுக்குங்க," என்றான்.

அதிகாரி காத்திருந்தார். வேறொன்றும் வரவில்லை. அவர் எதையோ எழுதிக்கொண்டார். நீளமாக எழுதினார். அது என்னவென்று கோவிந்தனுக்குத் தெரியவில்லை. தனக்கு எதிராகத்தான் இருக்கும் என்று நினைத்தான்.

"சரி. அந்த ராஜாக்கண்ணு யாருக்கு வேலை செஞ்சார்?"

மின்விசிறி மட்டும் சுழன்றது. அம்மாக்கண்ணு அவனைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோவிந்தன் சொன்னான்.

டைப் அடிக்கிற பெண் நிமிர்ந்து பார்த்தார். அதிகாரி காதருகில் கையை வைத்துக்கொண்டார். "ஒண்ணும் கேக்கலைங்க. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

கோவிந்தன் ஒரு தடவைக்கு வேண்டிய தைரியத்தைத்தான் மலையிலிருந்து கொண்டுவந்திருந்தான். அது செலவாகிவிட்டது. முதலாளி நாற்காலியில் முழுதாகத் திரும்பி அவன் முகத்தையே பார்த்தார். வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். வாசலில் யாரோ நடக்கிற சத்தம். பூட்ஸா என்று அவன் காது தானாகக் கவனித்தது.

"மண்டி ஆளுதாங்க," என்றான். குரல் எங்கிருந்தோ பிளந்துகொண்டு, தேவைக்கு மேல் சத்தமாக வந்து, கூடத்துச் சுவரில் மோதியது. "லாரி நிக்குதுன்னு மொதலாளி சொல்லி வுட்டாருங்க. நான்தான் ஏறச் சொன்னேன்."

டைப் மெஷின் படபடவென்று அடிக்கத் தொடங்கியது. தான் சொன்ன மூன்று வாக்கியத்துக்கு இவ்வளவு நேரம் அடிப்பார்களா என்று அவனுக்குச் சந்தேகமாக இருந்தது. வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கையை எடுத்தால் நடுக்கம் தெரிந்துவிடும் என்று, துண்டை இறுகப் பிடித்தபடி, அந்தச் சத்தம் ஓயும்வரை அவன் நின்றுகொண்டே இருந்தான்.